விடைக்கு முந்திய பதினான்கு விநாடி

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற யாரிடமும் இந்த முறைப்பாடு இருக்கும். ஆயிரம் வினாவும் விடையும் அடங்கிய பொது அறிவுக் கையேட்டை இரண்டு தரம் வாசித்து முடித்தாயிற்று. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலத்தான் இருந்தது. ஒரு கிழமை கழித்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தால் பக்கத்துக்கு இரண்டுகூடத் தேறாது. அதே ஆள், போன மாதம் வட்ஸ்அப் குழுவில் பிழையாய்ப் போட்டு நாலு பேர் சிரித்த ஒரேயொரு வினாவின் விடையை இன்றைக்கும் மறக்கவில்லை. அதை அவர் படிக்கவே இல்லை. ஒருதரம் பிழைவிட்டார், அவ்வளவுதான்.

மணிக்கணக்காய் வாசித்தது தங்கவில்லை, ஒரு நிமிடம் தடுமாறியது தங்கிவிட்டது. இது என்ன கணக்கு? வெட்கம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். வெட்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் யாரும் சிரிக்காத ஆய்வுகூட அறைகளிலும் இதே விளைவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இரவு எட்டு மணிக் குழு

எழுவான்கரை, படுவான்கரை என்று மட்டக்களப்பு வாவி ஊர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொது அறிவுக் குழுக்களுக்கு அந்தப் பிரிவு கிடையாது. அப்படியொரு குழுவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். களுவாஞ்சிக்குடியில் ஒருவர், கொக்கட்டிச்சோலையில் ஒருவர், ஏறாவூரில் ஒருவர், தோஹாவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய இன்னொருவர். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை. சிலர் அரசாங்க வேலைக்கான பரீட்சையை நினைத்து வருகிறவர்கள். சிலருக்கு ஒரு பரீட்சையும் இல்லை, ஆட்டத்தின் ருசி மட்டும்தான்.

வினாக்கள் ஊரையும் உலகத்தையும் கலந்து வரும். 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் தொடங்கிய பாடசாலை எது? மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1602இல் இங்கே வந்திறங்கிய ஒல்லாந்தக் கடலோடி யார்? ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர்? காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் என்ற விடை நாலைந்து பேரிடமிருந்து ஒரே நேரத்தில் வந்து விழும்.

பொழுதுபோக்கென்று பெரியவர்கள் தள்ளிவிடுகிற இந்த வினாக்கள்மீது உளவியலாளர்களுக்குத் தனிப் பிரியம். 1980இல் தோமஸ் நெல்சன், லூயிஸ் நாரன்ஸ் என்ற இருவர் 300 பொது அறிவு வினாக்களை எடுத்து, எது எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று அளந்து பட்டியலாக வெளியிட்டார்கள். நினைவைப் பற்றிய எத்தனையோ பரிசோதனைகளுக்கு அந்தப் பட்டியல்தான் கருவியாயிற்று. காரணம் எளிது. விடை ஒன்றுதான், சரியா பிழையா என்பதில் இழுபறி இல்லை. அதோடு, ஆள் எப்போதோ எங்கேயோ பொறுக்கிக்கொண்ட அறிவு அது. ஆய்வாளர் காலையில் சொல்லிக்கொடுத்து மாலையில் கேட்பதல்ல.

வாசிப்பதா, கேட்கப்படுவதா

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட பரிசோதனை, கையேடு வாசிக்கிறவர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது. மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, இன்னொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. ஒரு பகுதியினர் நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு சுற்று வாசித்தார்கள். மிச்ச மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பாராமல், ஞாபகம் இருப்பதை வெறுந்தாளில் எழுதினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு கிழமை போனது. வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. “ஒரு கிழமை கழித்து உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்?” என்று முன்கூட்டியே கேட்டபோது, தங்கள்மேல் கூடுதல் நம்பிக்கை வைத்தவர்கள் நான்கு சுற்றும் வாசித்தவர்கள்தான்.

நினைவில் ஒன்று இருப்பதும், வேண்டிய நேரத்தில் அதை வெளியே எடுப்பதும் இரண்டு வேறு வேலைகள். இரண்டாவதை ‘மீட்டெடுப்பு’ என்று அழைக்கலாம். வாசிக்கும்போது விடை கண்முன்னே இருப்பதால் மீட்டெடுக்க ஒன்றுமில்லை, மூளை அந்த வேலையைப் பழகுவதும் இல்லை. வினாடி வினாவில் ஆடுகிறவர் செய்வது முழுக்க முழுக்க மீட்டெடுப்புத்தான். படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் படிப்பின் கடினமான பகுதியைச் செய்துகொண்டிருக்கிறார்.

ஆனால் முதற் பத்தியில் வந்த ஆள் எதையும் சரியாக மீட்டெடுக்கவில்லையே, பிழையல்லவா விட்டார்? அதற்கு வேறு விளக்கம் வேண்டும்.

ஒரு வினாவைப் பின்தொடர்வோம்

“மீன் பாடும் தேன்நாடு எது?” மட்டக்களப்புக் குழுவில் இதைக் கேட்டால் அட்மினைத்தான் கேலி செய்வார்கள். பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்தது. மங்கோலியாவின் நாணயம் எது என்று கேட்டாலும் உற்சாகம் வராது. தெரிந்தவர் தட்டிவிட்டுப் போவார், தெரியாதவர் பேசாமல் இருப்பார்.

இப்போது அட்மின் இப்படிக் கேட்கிறார்: மட்டக்களப்பு வாவியில் நிலாக் கால இரவுகளில் நீருக்கடியிலிருந்து கேட்கும் இசையை எழுப்புவது எது? அ) மீன். ஆ) ஊரி. இ) இறால். ஈ) இன்னும் உறுதியாகவில்லை.

குழு ஒரு கணம் அடங்குகிறது. எல்லாருக்கும் பாதி தெரியும். கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். மீன் என்றுதான் ஊரே சொல்கிறது. அப்படியென்றால் நாலாவது தெரிவு ஏன் அங்கே கிடக்கிறது?

இந்தப் பாதி தெரிந்த நிலைக்குத்தான் ஆர்வம் அதிகம் என்பதைக் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மின் ஜோங் காங்கும் தோழர்களும் 2009இல் காட்டினார்கள். 19 மாணவர்களை மூளைப் படம் பிடிக்கும் இயந்திரத்தில் படுக்கவைத்து 40 பொது அறிவு வினாக்களைக் கேட்டார்கள். மனிதர் பாடுவது போல ஒலிக்க வேண்டும் என்று உருவாக்கப்பட்ட வாத்தியம் எது என்பது அவற்றில் ஒன்று. (வயலின்.) விடை தெரியும் என்று முழுக்க நம்பியவரிடமும், துளியும் தெரியாதவரிடமும் ஆர்வம் குறைவு. நடுவே, தெரிந்தும் தெரியாமலும் தவித்தவரிடம்தான் அது உச்சத்துக்குப் போனது. ஆர்வம் கூடிய வினாக்களின்போது, பரிசு கிடைக்கப்போகிறது என்று எதிர்பார்க்கையில் விழிக்கும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன.

2014இல் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் குரூபரும் தோழர்களும் இன்னும் ஒரு படி போனார்கள். வினா திரையில் தோன்றும். விடை வருவதற்கு 14 விநாடி காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வினாவோடு சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் முகம் வந்து போகும். ஆர்வம் கூடிய வினாக்களின் விடைகள் பிறகு நன்றாக ஞாபகம் இருந்தன, அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த இடைவெளியில் வந்துபோன முகங்களும் கொஞ்சம் கூடுதலாக ஞாபகம் இருந்தன. விடையை அறியும் ஆவல் நினைவின் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்நேரம் வந்த எதுவும் உள்ளே போய்விடுகிறது. வினாவைப் போட்ட கையோடு விடையையும் போட்டுவிடுகிற அட்மின் கெடுப்பது இந்த விநாடிகளைத்தான்.

நாக்கு நுனி

அதே இரவில் அட்மின் கிளைக்கேள்வி ஒன்றைப் போடுகிறார். வாவியின் இந்த ஓசையை ஒலிப்பதிவு செய்து, இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகக் காரணமான அமெரிக்க இயேசு சபைத் துறவி யார்?

“பேர் நாக்கு நுனியில நிக்குது மச்சான், வருகுதில்ல” என்று ஒருவர் எழுதுகிறார். “சின்னப் பேர். ‘லா’வில தொடங்கும்.”

பேரே வரவில்லை, அதன் முதலெழுத்தும் நீளமும் மட்டும் எப்படி வந்தன? 1966இல் ரொஜர் பிறவுன், டேவிட் மக்நீல் இருவரும் ஹார்வார்ட் மாணவர்களிடம் அரிய சொற்களின் வரைவிலக்கணத்தை வாசித்துக் காட்டி இந்த நிலையை வேண்டுமென்றே வரவழைத்தார்கள். கடலோடிகள் சூரியனும் விண்மீனும் நிற்கும் உயரத்தை அளக்கும் கருவியின் பெயர் அவற்றில் ஒன்று. சொல் வாயில் வராமல் தவித்தவர்கள் அதன் முதலெழுத்தை 57 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். சொல்லின் பொருள் ஒரு பக்கமாகவும் ஓசை வேறொரு பக்கமாகவும் நினைவில் இருக்கின்றன. பொருள் கிடைத்த பிறகும் ஓசை துண்டு துண்டாகத்தான் மேலே வரலாம்.

ஆட்களின் பெயர்கள் இதில் மோசம். ‘மீனவர்’ என்ற சொல்லைப் பிடிக்க வலை, தோணி, கடல் என்று பல கயிறுகள் உண்டு. ஒரு பாதிரியாரின் பெயரைப் பிடிக்க அந்தப் பெயர் மட்டுமே உண்டு.

காத்திருப்பது எப்போதும் நல்லது என்று இதற்குள் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி வொரினர், கரின் ஹம்ப்ரீஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாக்கு நுனியில் சொல் சிக்கிய சிலரை 10 விநாடியும் சிலரை 30 விநாடியும் தவிக்கவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, கூடுதல் நேரம் தவித்தவர்களே அதே சொல்லில் மறுபடி கூடுதலாகச் சிக்கினார்கள். சிக்குவதும் ஒரு பழக்கமாய்ப் படிந்துவிடுகிறது போலும். ஆகவே பாதி தெரிந்தவரைக் காக்கவைக்கலாம். நாக்கு நுனியில் நிற்பவருக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து இறக்கிவிடுவதே தர்மம். லாங் அடிகளார்.

எத்தனை கிலோமீற்றர்?

குழுவாய் ஆடும்போது தனியே ஆடுவதில் இல்லாத ஒன்று வருகிறது. வாவியின் நீளம் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டால் ஒருவர் 30 என்பார், இன்னொருவர் 80 என்பார். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் அது உண்மையான 56க்கு அருகில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி நிறையை ஊகிக்கும் போட்டி நடந்தது. அதில் சேர்ந்த 787 சீட்டுகளை பிரான்சிஸ் கால்ட்டன் 1907இல் ஆராய்ந்தார். நடு எண் 1,207 இறாத்தல். உண்மை நிறை 1,198.

சீட்டு எழுதியவர்கள் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கவில்லை என்பதுதான் இங்கே உயிர்நாடி. சூரிச் நகரில் யான் லொரென்ஸும் தோழர்களும் 144 மாணவர்களிடம் சுவிற்சர்லாந்தும் இத்தாலியும் பகிரும் எல்லையின் நீளம் போன்ற வினாக்களைக் கேட்டு, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களின் ஊகங்களைக் காட்டியதும் விடைகள் ஒன்றையொன்று நெருங்கின. நெருங்கினவே தவிர, உண்மைக்குக் கிட்டே போகவில்லை. தங்கள் விடைமீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை மட்டும் ஏறியது. வட்ஸ்அப் குழுவில் முதலாமவர் 40 என்று போட்டதும் அடுத்தவர் 42 என்று போடுவதன் கதை இது. அட்மினுக்குத் தனியே அனுப்பச் சொன்னால் இந்தச் சிக்கல் தீரும். குழுவின் கலகலப்பும் பாதி போய்விடும். எதை விடுவது என்பது குழுவின் பாடு.

ஆணித்தரமாய்ப் பிழை விட்டவர்

வாவி வினாவுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் ‘மீன்’ என்று போடுவார்கள். தெரிவுகளைக்கூடப் பாராமல், ஊர்ப் பெருமையோடு போடுவார்கள்.

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தவர், அன்றைய இலங்கை அரசின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இந்த ஓசையைப் பற்றி விசாரித்து, நிலா எழுந்த பிறகு மீனவர்களோடு படகில் போனார். கோட்டை வாசலிலுள்ள துறையிலிருந்து கொஞ்ச தூரம்தான். காற்று இல்லை, அலை இல்லை. ஒரே தொடர்ச்சியான சுரமாக அல்லாமல், மேல் ஓசையும் கீழ் ஓசையுமாகப் பல மெல்லிய ஒலிகள் கலந்து வருவதை அவர் கேட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெருத்தது. சில இடங்களில் கேட்டது, சில இடங்களில் அறவே இல்லை. திரும்பி அதே இடத்துக்கு வந்தால் மறுபடி கேட்டது. ஒலியெழுப்புவது ஓரிடத்திலேயே கிடக்கிறது, நீந்தித் திரியவில்லை என்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

அவரோடு போன மீனவர்கள் மீன் என்று சொல்லவில்லை. ஊரி என்றார்கள், ஓட்டுக்குள் வாழும் நத்தை வகை. தேடிப்பிடித்து உயிரோடு சிலவற்றைக் கொண்டுவந்தும் கொடுத்தார்கள். டெனன்ட் இதையெல்லாம் தமது இலங்கை பற்றிய நூலில் 1859இல் எழுதினார்.

அதற்காக மீன் என்பது முட்டாள்தனமான விடையல்ல. மீன்கள் ஒலி எழுப்பும். 1980களில் கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகு வீடுகளில் இருந்தவர்கள் இரவு முழுக்க ஏதோ இயந்திரம் முனகுகிறது என்று தூக்கம் கெட்டார்கள். அடிநீரில் கிடந்த ஆண் தேரை மீன்கள் பெண் மீனை அழைக்கும் ஓசை அது. காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகளை விநாடிக்கு ஏறத்தாழ நூறு தரம் துடிக்கவிட்டு அவை அப்படி முனகுகின்றன. மட்டக்களப்பு வாவியில் பாடுவது இன்ன உயிர்தான் என்று மறுக்க முடியாதபடி இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே சரியான விடை ‘ஈ’.

இப்போது குழுவில் நடப்பதைக் கவனியுங்கள். ‘இறால்’ என்று சும்மா குத்திவிட்டவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். ‘மீன்’ என்று அடித்துச் சொன்னவர்தான் நிமிர்ந்து உட்காருவார், சண்டை பிடிப்பார், டெனன்ட் யார், எந்த ஆண்டு என்று கேட்பார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரேடி பட்டர்பீல்ட், ஜனட் மெட்காப் இருவரும் 2001இல் இதை அளந்தார்கள். பொது அறிவு வினாக்களைக் கேட்டு, ஒவ்வொரு விடையிலும் எவ்வளவு நம்பிக்கை என்று எழுதச் சொல்லி, பிறகு சரியான விடையைக் காட்டினார்கள். ஆணித்தரமாக விட்ட பிழைகளே அடுத்த சோதனையில் அதிகமாகத் திருந்தியிருந்தன. ‘மிகைத்திருத்தம்’ என்று இதைச் சொல்லலாம். நன்றாக ஊன்றிய ஒன்று பிழை என்று ஆகும்போது வரும் அதிர்ச்சி கவனத்தை முழுக்க அந்த விடைமேல் திருப்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். நமது பரீட்சார்த்தி மறக்காத அந்த ஒற்றை விடைக்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்: அவர் தெரியாமல் பிழைவிடவில்லை, தெரியும் என்று நம்பிப் பிழைவிட்டார்.

பழகிப்போன பிழை

எல்லாம் நன்றாகத்தான் போகிறது, விடை சரியாக இருக்கும்வரை. குழுவுக்குக் குழு கைமாறும் பொது அறிவுக் குறிப்புகளை ஒருதரம் சரிபார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆண்டு மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும், யார் முதலில் எழுதினார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

1977இல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தோமஸ் டொப்பினோ மூவரும் 60 கூற்றுகள் கொண்ட பட்டியலை இரண்டு கிழமை இடைவெளியில் மூன்று தரம் மாணவர்களிடம் கொடுத்தார்கள். சில கூற்றுகள் ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தன. திரும்பி வந்தவை, மெய்யோ பொய்யோ, தரத்துக்குத் தரம் கூடுதல் உண்மையாகத் தோன்றின. இது ‘பழக்க மெய்ம்மை’: கேட்டுப் பழகியதை மூளை சிரமமில்லாமல் உள்வாங்குகிறது, அந்தச் சுகத்தை உண்மையின் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறது. விசயம் தெரிந்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை என்று லீசா பேசியோவும் தோழர்களும் 2015இல் காட்டினார்கள்.

‘மீன்’ விடையின் பலம் இதுதான். சின்னங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் பாட்டுகளிலும் ஊர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. டெனன்ட்டின் மீனவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் ஒரு நாள் இரவுத் திருத்தத்தை நம்பிக் குழு ஓய்ந்துவிடக் கூடாது. அன்ட்ரூ பட்லர், லீசா பேசியோ, எலிசபெத் மார்ஷ் மூவரும் 2011இல் கண்டது இது: மிகைத்திருத்தம் ஒரு கிழமை தாண்டியும் நிற்கிறது, ஆனால் சரியான விடையை மறந்துபோனவர்களிடம், முன்பு ஆணித்தரமாக நம்பிய பழைய பிழையே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்மின் இந்த வினாவை மறுபடி போட வேண்டியிருக்கும். அப்போது நாலு தெரிவையும் எடுத்துவிட்டு, 1848இல் மீனவர்கள் டெனன்ட்டிடம் உயிரோடு கொண்டுவந்து கொடுத்தது எது என்று நேரடியாகக் கேட்பது நல்லது. தெரிவுகள் இருந்தால் ‘மீன்’ என்ற சொல் இன்னொரு தரம் எல்லாரின் கண்ணிலும் பட்டுவிடும்.